படகின் காலுக்குத் தண்ணீர்

எட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளியும் படகு அசைந்து கொடுக்கவில்லை. டிரெய்லரின் சக்கரங்கள் முக்கால்வாசி மண்ணுக்குள் இறங்கியிருந்தன; இன்னும் ஒரு மழை பெய்தால் வேர்விட்டு இலை துளிர்த்துவிடும் போலிருந்தது. வீட்டு வாசலுக்கும் எஸ்டேட் ரோட்டுக்கும் நடுவில், பாடை போக வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு, வெள்ளையும் சிவப்புமாக அது நின்றது. ஒரு பக்கம் ஆழமான கால்வாய். மறுபக்கம் தலைகுப்புறச் சரியும் தேயிலை.

“இன்னொரு தடவ. மூச்சப் புடிச்சித் தள்ளுங்கடா,” என்றார் கந்தசாமி. இறந்துபோன பழனியப்பனின் மைத்துனர். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தினால் மூன்று மலை தள்ளிக் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கை தானாக வேகம் பிடிக்கும் என்பார்கள். படகு மட்டும் அந்தக் குரலுக்குக் கட்டுப்படவில்லை.

படகின் பின்புறத்தில், தண்ணீருக்குள் இறங்க வேண்டிய உலோகக் காலில் தோளை முட்டுக்கொடுத்து நின்றான் தினேஸ்வரன். பழனியப்பனின் ஒரே மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். வெற்றுத் தோளில் கரி அப்பியது. கருகிய ரப்பரின் நாற்றம் ஓர் இரவு முழுக்கப் பனியில் நனைந்தும் அந்தக் காலைவிட்டுப் போகவில்லை.

கந்தசாமி அருகில் வந்து, காலை ஒரு விரலால் தடவி, விரலில் ஒட்டிய கறுப்பை எல்லோருக்கும் காட்டினார்.

“பாத்தீங்களா? இதுக்குச் சூடு ஏறக்கூடாது, சூடு ஏறக்கூடாதுன்னு ஊருக்கே வகுப்பு எடுத்த மனுசன். கடைசில அவரே தண்ணியத் தொறக்க மறந்துட்டாரு. நா வந்து பாக்கறப்ப தண்ணி ஓடிட்டு இருக்கு, காலு வெந்து கெடக்கு. பொறவு ஞாவகம் வந்து தொறந்திருப்பாரு. வயசாயிடுச்சு லா.”

தள்ளியவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பழனியப்பன் மறக்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் எஞ்சினை முடுக்கினார். மூடியவன் தினேஸ்வரன். அது தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவன் தோளை இன்னும் அழுத்தித் தள்ளினான்.

மேகம் ஒரு சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து, தட்டிலிருக்கும் சோற்றை ஆறவைத்துவிட்டு, மறு சன்னல் வழியாக வெளியேறும் உயரத்தில் ஒரு வேகப்படகு குடியேறிய கதையைக் கேமரன் மலையில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவற்றில் பொய் குறைவானது இது. கடலோர லுமுட் பக்கத்துத் தவுக்கே, அதாவது சீன முதலாளி ஒருவர் அந்தப் படகை வாங்கி, கண்மண் தெரியாமல் ஓட்டி, அதன் பின்கால் வெந்துபோனதும் வெறுத்துக் கரையில் போட்டுவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த பழனியப்பன், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் அதைப் பார்த்தார். அன்றைக்கு மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்த பார்வை, இவர் படகைப் பார்த்த பார்வைக்குப் பக்கத்தில்கூட வராது என்று அவர் மனைவி சந்திரமதி இன்றைக்கும் சொல்வாள். கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போய்க் காலியாகத் திரும்பிய லோரியின் பின்னால் கட்டி, அவர் அதை மலைக்கு இழுத்து வந்துவிட்டார். வளைவில் எதிரே வந்த இரண்டு சுற்றுலாப் பேருந்துகள், கடல் பொங்கி ஏறி வருகிறது, முன்னால் வருவது படகு என்று பயந்து அப்படியே திரும்பிப் போய்விட்டன. திருப்ப இடமில்லாத ரோட்டில் எப்படித் திரும்பின என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த வருடம் கிரிக் ஊருக்கு அந்தப் பக்கமுள்ள பெரிய ஏரியில் இறக்கி ஓட்டிக் காட்டுவேன் என்பார். அடுத்த வருடமும் அதையே சொல்வார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலிலேயே ஓடும். அந்தச் சத்தத்தில் திரிங்காப்பில் தக்காளி தானாக உதிரும். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் மண் சரிகிறது என்று பயந்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறுவார்கள். கடைக்காரர்கள் பழனியப்பன்மேல் தனிப் பிரியம் வைத்திருந்ததற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

ஆனால் அவருக்குச் சத்தம் பெரிதல்ல. சூடுதான் பெரிது. எஞ்சின் படகுக்குள் இருக்கிறது, கால் வெளியே தொங்குகிறது, எஞ்சினின் முழு பலமும் அந்தக் காலுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகத்தான் விசிறிக்கு இறங்க வேண்டும் என்று அவர் கல்யாணப் பந்திகளில் விளக்குவார். முருங்கைக்காயை ரசத்தில் நட்டுக் காட்டுவார். மெதுவாகப் போகும் படகில் கால் முழுக்கத் தண்ணீரில் இருக்கும். கடலே அதைக் குளிரவைக்கும். வேகப்படகு எழும்பிப் பறக்கும்போது காலின் மேல்பாதி காற்றில் தொங்கும். உள்ளே எண்ணெய் கொதிக்கும். அதனால் அதன் தலைக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து இலைக்காரர் ரசம் ஆறிப்போவதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைக்கு ஊற்ற அவர் கண்டுபிடித்தது தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பின் பித்தளை மூக்கு. அதை வளைந்த குழாயில் பொருத்தி, காலின் உச்சியில் குடைபோலத் தண்ணீர் விரியும்படி செய்திருந்தார். நிலத்தில் ஓட்டும்போது காலின் இரண்டு கன்னங்களிலும் உள்ள துளைகள்மேல் ரப்பர்க் கிண்ணங்களைக் கவ்வவைத்து, அதற்கும் தண்ணீர் விடுவார். எஞ்சின் குடிக்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். உள்ளே அதை உறிஞ்சி அனுப்ப ரப்பர் இறக்கை வைத்த சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் நின்றால் அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஓட்டி முடித்ததும் ஒரு கையைக் காலின்மேலும் மறு கையை அருகில் அகப்பட்டவர் நெற்றியிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று அறிவிப்பார். தோட்டக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவர் கைபடாத நெற்றி கிடையாது. ஒருமுறை எஸ்டேட்டைப் பார்க்க வந்த புதுத் துரையின் நெற்றியிலும் வைத்துவிட்டார்.

தினேஸ்வரனின் நெற்றிக்குத்தான் அது சுமையாக இருந்தது. பள்ளியில் அவனுக்குச் சொந்தப் பெயரே இல்லை, படகு. தானா ராத்தாவில் நில அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், காலையில் கையெழுத்துப் போடும்போது யாராவது ஒருவர் இன்றைக்கு அலை எப்படி என்று மலாயில் விசாரிப்பார். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஈப்போவில் ஆசிரியையாக இருக்கும் ரூபினியோடு பேசிப் பழகி இரண்டு வருடமான பிறகும், வீட்டு வாசலில் ஒரு பழைய மெஷின் கிடக்கிறது என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

நேற்று ரூபினியும் அவள் அப்பா ராதாகிருஷ்ணனும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட சப்பாத்து. வண்டியிலிருந்து இறங்கியவர் வீட்டைப் பார்க்கவில்லை. படகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அதற்குப் பிறகு பழனியப்பனைப் பிடித்து நிறுத்த அந்த மலையில் ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டுத் தேத்தண்ணி ஆறியது. ரூபினி உள்ளே சந்திரமதியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். வெளியே ரப்பர்க் கிண்ணம் மாட்டப்பட்டது, தண்ணீர் திறக்கப்பட்டது, பித்தளை மூக்கு குடை விரித்தது, எஞ்சின் உறுமியது. லயமே வேடிக்கை பார்க்க வந்து நின்றது.

சன்னலுக்குப் பின்னால் நின்ற தினேஸ்வரனுக்கு, ராதாகிருஷ்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. அவர் ஏதோ கத்தினார்; அப்பா இன்னும் முடுக்கினார்; அவர் இன்னும் சிரித்தார். தினேஸ்வரனுக்குக் காது மடல் எரிந்தது. கொல்லைப்புறக் கதவு வழியாக வெளியேறி, லயத்துக்கே பொதுவான பெரிய குழாயின் வால்வைப் பிடித்து, அது இறுகி மூடும்வரை திருகினான். தண்ணீர் நின்றதும் அப்பா பார்ப்பார், உடனே சாவியைத் திருப்பிவிடுவார்; அப்பாவைவிட அதை யார் அறிவார் என்றுதான் எண்ணினான். அப்பா அப்போது படகுக்குள் ஸ்டியரிங் அருகே, விருந்தாளியைப் பார்த்தபடி, காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சத்தம் மாறியது. பிறகு நாற்றம் வந்தது. வீட்டைச் சுற்றி ஓடிவந்தவன் சுவரோரம் நின்று பார்த்தபோது, அப்பா எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே குதித்திருந்தார். புகையும் காலின்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். அப்புறம் யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்ததுபோல மெல்லச் சரிந்தார்.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். தினேஸ்வரன் ஓடியது வால்வுக்கு. அதைத் திறந்துவிட்ட பிறகுதான் அப்பாவிடம் வந்தான்.

இதயம் ரொம்ப நாளாகவே பலவீனம், என்றைக்கு வேண்டுமானாலும் நின்றிருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்டபோது அவன் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இறங்கியது தெரிந்ததும் அவனுக்குக் கூசியது.

கரியைக் கழுவ உள்ளே வந்தவனை, கூடத்தில் உடம்பின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சந்திரமதி கையசைத்துக் கூப்பிட்டாள். சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரிக்கு நடுவே ஓய்ந்து, தலைவலிக்குப் பன்னடோல் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட ரூபினி சுவரோரம், யாரோ கொடுத்த பழைய சேலையில், ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான். அம்மா சேலைத் தலைப்பால் அவன் தோளைத் துடைத்தாள். கரி போகவில்லை, பரவியது.

“நேத்து கெளாஸு கழுவிட்டு இருந்தேன்,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “பைப்புல தண்ணி நின்னுருச்சி. சோப்பு நொரையோட கையில வச்சிட்டே நின்னேன். அப்பறம் அதுவா வந்துருச்சி.”

அவன் கை அவள் முழங்காலின்மேல் இருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. லயத்துக்கெல்லாம் ஒரே குழாய். வால்வை மூடினால் சமையலறையிலும் தண்ணீர் நிற்கும் என்று அவனுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தான். அவள் தலைப்பை மடியில் போட்டுக்கொண்டு, கணவர் முகத்தில் உட்கார வந்த ஈயை விரட்டினாள்.

வெளியே கந்தசாமி வேறு வழி கண்டுபிடித்திருந்தார். நகராத படகை எதற்கு நகர்த்த வேண்டும், மேலேயே ஏற்றிக் கடத்திவிடலாம் என்றார். நாலு பேர் படகுக்குள் ஏறி நின்றார்கள். வாசல் பக்கம் நின்றவர்கள் பாடையைத் தூக்கிக் கொடுக்க, உள்ளே நின்றவர்கள் வாங்கினார்கள். இடம் மாற்றிப் பிடிக்க ஒரு நொடி தேவைப்பட்டதால் பாடையைப் படகின் மூக்கில் இறக்கிவைத்தார்கள். பழனியப்பன் மாலையும் கழுத்துமாக, மலைச்சரிவெங்கும் பச்சை அலையடிக்க, படகின் முனையில் கிடந்தார். ஒப்பாரி வைத்த மாரியம்மா அக்காவே பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“ஒரு வழியா ஏறிட்டாரு,” என்றார் கந்தசாமி. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரே மூக்கைத் துடைத்துக்கொண்டார். “மெதுவா எறக்குங்க. காலு பக்கம் பாத்து.”

சுடுகாடு தேயிலைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. லோரி பாதி வழி மட்டும்தான் போகும். அதற்கு மேல் தோளில் சுமந்து ஏற வேண்டும். பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். ஏறும் வழியெல்லாம் கந்தசாமி, பின்னால் வந்த சொந்தக்காரர்களிடம் தண்ணீர் மறந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நேற்று மாலையிலேயே ரிங்லெட் முதல் கிளாந்தான் எல்லைவரை உள்ள உறவுகளுக்கெல்லாம் கைப்பேசியில் குரல் பதிவு அனுப்பிவிட்டிருந்தார். பதிவுக்குப் பதிவு கதை வளர்ந்தது. முதல் பதிவில் பழனியப்பன் தண்ணீரைத் திறக்க மறந்தார். மூன்றாவதில் கிண்ணத்தை மாட்டவே மறந்தார். சுடுகாடு போய்ச் சேர்வதற்குள் படகுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அதில் கந்தசாமிக்குத் துளியும் வஞ்சனை இல்லை. மச்சானை நாற்பது வருடம் கிண்டல் செய்தவர், நிறுத்தினால் அழுதுவிடுவார். அது தினேஸ்வரனுக்குத் தெரியும். ஆனால் அப்பாவைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் உண்டு, பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்னவர்கள் உண்டு. படகின் கால் விஷயத்தில் அசந்துபோனார் என்று அவர் உயிரோடு இருந்தவரை ஒருவரும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு வாயாக அது ஏறிக்கொண்டிருந்தது. அவன் பாடையின் முன்கொம்பைச் சுமந்தபடி கேட்டுக்கொண்டே நடந்தான்.

விறகின்மேல் உடம்பைக் கிடத்தி, முகத்துணியை விலக்கினார்கள். கடைசி வாய்க்கரிசி. சடங்குகளை நடத்தும் ரெங்கசாமி அரிசித் தட்டை நீட்ட, முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மும்முறை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் ராதாகிருஷ்ணன் வந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை, கசங்கிச் சேறாகி இருந்தது. சப்பாத்தை எங்கேயோ கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அரிசியைக் கையில் அள்ளியவர் போடாமல் தினேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இத நான் போடலாமா?”

முறை பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, ரெங்கசாமி தாராளமாகப் போடலாம் என்றார்.

“அதுக்கில்ல. நான்தான் அவர்கிட்ட தொணதொணன்னு கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னும் கொஞ்சம் முடுக்குங்கன்னு கேட்டதும் நான்தான். பேச்சுக் குடுத்து அவரு கவனத்தக் கெடுத்துட்டேன். அதான் தண்ணிய மறந்திருக்காரு.” அவர் விரலிடுக்கு வழியாக இரண்டு மூன்று அரிசி விறகில் விழுந்தது. “நேத்துலேர்ந்து இதான் மனசுல ஓடுது. வீட்டுக்கு வந்த எடத்துல ஒரு மனுசன சாகடிச்சிட்டேனோன்னு.”

கந்தசாமி அவர் தோளைத் தட்டி, அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது, வயசான ஆள் மறப்பது சகஜம் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார்.

“அப்பா மறக்கல, மாமா,” என்றான் தினேஸ்வரன்.

குரல் வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டது. கந்தசாமியின் கை ராதாகிருஷ்ணனின் தோளிலேயே நின்றது.

“தண்ணி வந்துட்டுதான் இருந்திச்சி. நான்தான் பின்னால போயி வால்வ மூடுனேன்.”

“எந்த வால்வடா?”

“லயத்து வால்வு. சத்தத்த நிப்பாட்டிருவாருன்னு நெனச்சேன்.” ராதாகிருஷ்ணனைப் பார்த்துச் சொல்ல முயன்றான்; அவருடைய வெறுங்கால்வரைதான் பார்வை போனது. “சார் சிரிச்சாரு. அப்பாவப் பாத்துச் சிரிக்கிறாருன்னு நெனச்சேன்.”

“நான் சந்தோசத்துல சிரிச்சேன் தம்பி,” என்றார் ராதாகிருஷ்ணன். “எனக்கு அப்படிச் சிரிப்பு வந்து எத்தினியோ வருசமாச்சு.”

காட்டோரத்தில் ஏதோ பறவை ஒரே சுரத்தில் கூவிக்கொண்டிருந்தது. தோளில் துண்டைப் போட்டவர்கள், போடாதவர்கள், சிகரெட்டைப் பாதியில் அணைத்தவர்கள், எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். கந்தசாமிக்குத்தான் கணக்கு இன்னும் முடியவில்லை.

“நா வந்து பாக்கறப்ப தண்ணி ஓடிட்டு இருந்திச்சேடா. அந்த வால்வ யாரு தொறந்தா?”

“நான்தான். அப்பா விழுந்ததும் ஓடிப்போயித் தொறந்தேன்.”

“விழுந்ததும்…” என்று தொடங்கிய கந்தசாமி, அதற்கு அடுத்த வார்த்தையைத் தானே கேட்டுவிட்டவர்போல நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது அந்த எஸ்டேட்டின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

ராதாகிருஷ்ணன் திரும்பி, விறகுப் படுக்கைமேல் குனிந்தார். மூன்று முறை போட வேண்டியதை எண்ணாமல், கையிலிருந்த அரிசி தீரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். பிறகு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

“நேரமாகுது,” என்றார் ரெங்கசாமி, யாரையும் பாராமல். தண்ணீர்க் குடத்தை எடுத்து தினேஸ்வரனின் இடது தோளில் வைத்தார்.

எந்தச் சாவிலும் இந்த இடத்தில் கந்தசாமியின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். இடம் போ, வலம் வா, குனியாதே, காலை எட்டி வை என்று கொள்ளிக்காரனை ஆட்டிவைப்பார். இன்று அவர் வாயைத் திறக்கவில்லை. தினேஸ்வரன் எந்தப் பக்கம் திரும்புவது என்று புரியாமல் நின்றான். ரெங்கசாமி அவன் முழங்கையைத் தொட்டுத் திருப்பிவிட்டார். ஒரு சுற்று முடிந்ததும் கத்தி முனையால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். மலைத் தண்ணீர் ஐஸாக முதுகில் இறங்கியது. இரண்டாவது சுற்றில் இன்னொன்று, மூன்றாவதில் இன்னொன்று. அவன் பற்கள் அடித்துக்கொண்டன. நடுங்குகிறான் என்று யாரும் துண்டை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்றும் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். கொள்ளியை வைத்தான். நெருப்பு பிடிக்க நேரமெடுத்தது. விறகில் பனி இருந்தது.

திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். இறங்கினார்கள். வழக்கமாக இறங்கும் வழியில்தான் செத்தவரைப் பற்றிய நல்ல கதைகள் பேசப்படும். யார் வீட்டில் குளிப்பது, யார் தேத்தண்ணி தருவது என்று சண்டை வரும். இன்று சப்பாத்துகள் சேற்றில் உரசும் சத்தம் மட்டும் வந்தது. கந்தசாமி எல்லோருக்கும் முன்னால் போனார். ஒரு வளைவில் நின்று, கைப்பேசியை வாயருகே தூக்கி, பொத்தானை அழுத்தினார்.

“மச்சான் விசயத்துல நேத்து நா சொன்னது…” என்றார்.

அதற்கு மேல் போகவில்லை. பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார், மறுபடி விட்டார். அவரைத் தாண்டிப் போனவர்கள் தாண்டிப் போனார்கள். தினேஸ்வரன் அருகில் வந்தபோது அவர் கைப்பேசியைப் பார்த்தபடியே, “பேரு பேரா கூப்பிட்டுத்தான் சொல்லணும்,” என்றார். அவனிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

“நானே சொல்லிர்றேன், மாமா.”

“நீதான் சொல்லணும்,” என்றார் கந்தசாமி. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

லோரி கீழே மூட்டத்துக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. கொள்ளி வைத்தவன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது இங்கே எழுதப்படாத சட்டம். அவன் முன்கதவுவரை வந்தான். இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை; ஏறாதே என்றும் சொல்லவில்லை. டிரைவர் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது எப்போதோ துடைத்து முடிந்திருந்தும்.

தினேஸ்வரன் கதவைத் தொடாமல் பின்பக்கம் போனான். காய்கறிக் கூடைகள் ஏற்றும் தட்டில் ஆண்கள் இரண்டு வரிசையாக, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஈர வேட்டியோடு, சங்கிலியைப் பிடித்துத் தொற்றி ஏறினான். பேச்சு எதுவும் நிற்கவில்லை, ஏனென்றால் பேச்சு எதுவும் இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எஞ்சின் கிளம்பியது. முதல் பள்ளத்தில் லோரி குலுங்கியபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராதாகிருஷ்ணன், எதிரே சரிந்து ஓடும் தேயிலையைப் பார்த்தபடியே, சேறு படிந்த தன் இரண்டு காலையும் ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொண்டார். அங்கே ஒருவர் உட்கார இடம் விழுந்தது.